பேப்பரில் வந்த என் வீட்டுக்காரர்

பெண்கள் தினத்துக்குச் சில நாட்கள் இருந்தபோது, எங்கள் கம்பெனியின் எச்.ஆர். அறையிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். அந்த அறைக்கு யாரைக் கூப்பிட்டாலும் முதலில் வருவது பயம்தான். எந்தப் பெட்டியை எங்கே இடித்தேன் என்று யோசித்துக்கொண்டே போனேன். அங்கிருந்த மேடம் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். ஒரு பேப்பரிலிருந்து என்னைப் பேட்டி எடுக்க வருகிறார்களாம். வீட்டில் வைத்து எடுத்தால் நன்றாக இருக்கும் என்கிறார்களாம். உனக்குச் சம்மதமா என்று கேட்டார். திட்டு இல்லை என்று தெரிந்த சந்தோஷத்தில், என்ன ஏது என்று கேட்காமல் தலையாட்டிவிட்டேன்.

ஒரகடம் பக்கத்தில் ஒரு கிடங்கில் நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். லாரியில் வந்து இறங்கும் பெட்டிகளை இரண்டு இரும்புக் கைகளால் தூக்கி, உயரமான தட்டுகளில் அடுக்குகிற வண்டி அது. தென்காசிப் பக்கத்திலிருந்து பிளஸ் டூ முடித்த கையோடு பேக்கிங் வேலைக்கு வந்தவள் நான். பெண்களுக்கும் வண்டி ஓட்டப் பயிற்சி தருகிறோம் என்று நோட்டீஸ் ஒட்டியபோது, நம்மால் ஆகுமா என்ற கேள்வி வருவதற்கு முன்பே கையைத் தூக்கிவிட்டேன். பின்னோக்கி வண்டி எடுப்பது மட்டும் கொஞ்ச நாள் தண்ணி காட்டியது. அதன் பிறகு வண்டி என் உடம்பில் ஒரு பாகம் மாதிரி ஆகிவிட்டது.

கல்யாணத்துக்கு முன்பு இருந்த ஹாஸ்டலில் சாப்பாட்டு ஹாலில் ஒரு டிவி உண்டு. ஷிப்டு முடிந்து வந்து தட்டோடு உட்காரும்போது செய்தி ஓடிக்கொண்டிருக்கும். எங்களைப் போன்ற பெண்கள் அதில் எப்போதாவது வருவார்கள். வந்தால் ஒன்று, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருப்பார்கள். இல்லையென்றால் யாரோ ஒரு அதிகாரியிடமிருந்து பூங்கொத்து வாங்கிக்கொண்டிருப்பார்கள். நடுவில் இருக்கிற மற்ற நாளெல்லாம் நாங்கள் என்ன செய்கிறோம் என்று ஒருவரும் கேட்டதில்லை. எங்களைப் பற்றி விவாதம் என்று வைத்தால், மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பது அத்தனை பேரும் ஆம்பளைகளாக இருப்பார்கள். என் பக்கத்துக் கட்டில்காரி ரசம் ஊற்றிக்கொண்டே, "அவங்க பேசி முடிக்கட்டும், நாம யாருன்னு அப்பத்தான் நமக்கே தெரியும்" என்பாள். எல்லோரும் சிரிப்போம். அதனால் என் வீட்டைத் தேடி ஒரு பேப்பர் வருகிறது என்றதும் உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் ஆசையும் இருந்தது.

என் வீட்டுக்காரர் வல்லம் வடகால் பக்கத்துக்காரர். கம்பெனி பஸ்ஸில் பார்த்துப் பழகி, இரண்டு பக்கமும் சொல்லிச் சம்மதம் வாங்கிக் கட்டிக்கொண்டோம். அப்போது அவரும் எங்கள் கம்பெனியில் காண்ட்ராக்டில் இருந்தார். மகள் பிறந்து நான் வேலைக்குத் திரும்பிய சமயத்தில் அவருடைய காண்ட்ராக்ட் முடிந்தது. வேறு கம்பெனியில் சேர்ந்திருக்கலாம். ஆனால் இரண்டு பேருக்கும் மாறி மாறி ஷிப்டு வந்தால் குழந்தையை யார் பார்ப்பது? உட்கார்ந்து பேசினோம். அவரே ஒரு பள்ளிக்கூட வேனை ஓட்டுவதற்கு ஏற்பாடு செய்துகொண்டார். காலையில் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுவார், சாயங்காலம் கூட்டிவருவார். நடுவில் வீடும் அடுப்பும் அவருடையது.

அடுப்பு யாருக்கு என்று நாங்கள் பங்கு போட்டுக்கொள்ளவில்லை. கைப்பக்குவம் அவரிடம் இருந்தது, அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் நான் ஒருநாள் ரசம் வைத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னாமா, குளிக்க வெந்நி போட்டியா?" என்று கேட்டார். அன்றைக்குக் கரண்டியைக் கொடுத்தவள்தான்.

எங்களோடு அத்தையும் இருக்கிறார், அவருடைய அம்மா. நிலம் இருந்தவரை நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர். இப்போது ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கப் போகிறார். மருமகள் வண்டி ஓட்டுவதில் அத்தைக்குப் பெருமைதான். மகன் சமைப்பதுதான் அவருக்குச் சங்கடம். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், விறுவிறுவென்று போய் மகன் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கிக்கொள்வார். வந்தவர்கள் போனதும் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

பேட்டிக்கு வந்தது ஒரு சின்னப் பெண். ஸ்கூட்டியில், வெயிலில் முகம் சிவந்து வந்து இறங்கினாள். கூடவே ஒரு போட்டோகிராபர், கொஞ்சம் வயதானவர். என் வீட்டுக்காரர் இருவருக்கும் மோர் கொடுத்தார். அந்தப் பெண் என்னை "அக்கா" என்றும் அவரை "அண்ணா" என்றும் கூப்பிட்டாள். கேள்விகளைப் பார்த்துப் பார்த்துக் கேட்டாள்.

"காலையில எப்ப எந்திரிப்பீங்கக்கா?"

"ஷிப்டப் பொறுத்துமா."

"எந்திரிச்சு சமையல், பாப்பாவ ரெடி பண்றது எல்லாம்?"

"சமையல் அவங்க. பாப்பாவுக்குத் தலை பின்னுறது மட்டும் நான். அவங்க பின்னினா ஒண்ணு மேல போகும், ஒண்ணு கீழ போகும்."

அவள் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டாள். வேனைப் பற்றி, சமையலைப் பற்றி, இருவரும் எப்படிப் பேசி முடிவெடுத்தோம் என்பதைப் பற்றியெல்லாம் அவரிடமும் கேட்டாள். அவர் முதலில் கூச்சப்பட்டார். பிறகு, காரக்குழம்புக்குக் கத்திரிக்காயை எப்படி வதக்க வேண்டும் என்பது வரை போய்விட்டார். அதையும் எழுதிக்கொண்டாள். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போனது.

படம் எடுக்கும்போதுதான் கூத்து. போட்டோகிராபர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நான் கிடங்கில் போடுகிற ஹெல்மெட்டைக் காட்டி, "சிஸ்டர், அந்த மஞ்ச ஹெல்மெட் இருக்குல்ல, அதப் போட்டுக்கிட்டு அடுப்பு முன்னாடி நில்லுங்க. ஒரு கையில கரண்டி. வீடு, வேலை ரெண்டு சுமையும் பாத்ததும் தெரியணும்" என்றார்.

"அடுப்படியில ஹெல்மெட்டா?" என்றேன்.

"போட்டுக்கோமா. குக்கர் வெடிச்சா சேப்டிதான்" என்றார் என் வீட்டுக்காரர்.

ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு நின்றேன். அடுப்படி சின்னது. பக்கத்தில் நின்ற அவரைப் பார்த்துப் போட்டோகிராபர், "அண்ணே, நீங்க கொஞ்சம் வெளியில போய்டுங்க, நிழல் விழுது" என்றார். அவர் வெளியே போய் ஜன்னலோரம் நின்றார். எண்ணெய் காயவைத்துத் தாளிக்கிற மாதிரி செய்யச் சொன்னார்கள். நான் கடுகைத் தேடி ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தேன். வெந்தயம், சோம்பு, பட்டாணி என்று எல்லாம் வந்தது, கடுகு வரவில்லை. ஜன்னலுக்கு வெளியிலிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது. "மேல் தட்டுமா. சின்ன மூடி." அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்போடு எடுத்த படம்தான் பேப்பரில் வந்தது.

பெண்கள் தினத்தன்று காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, என் வீட்டுக்காரர் ஒரகடம் கூட்டு ரோட்டுக்கே போய்ப் பேப்பர் வாங்கிவந்தார். எனக்கு அன்று மத்தியான ஷிப்டு. அத்தையும் வேலைக்குக் கிளம்பாமல் காத்துக்கொண்டிருந்தார். பேப்பரை விரித்து வைத்து இவர் சத்தமாகப் படித்தார். கரண்டி பிடித்த கை கனரக வண்டியும் பிடிக்கும் என்கிற மாதிரி ஒரு தலைப்பு. அதைப் படித்தபோது அவர் குரலில் அப்படி ஒரு குஷி. விடியுமுன் எழுந்து சமையல் முடித்து, மகளைக் கிளப்பி, அப்புறம் வேலைக்கு ஓடுகிறேன் என்று போட்டிருந்தது. படிக்கும்போதே என்னை நிமிர்ந்து பார்த்துக் கண்ணடித்தார்.

அடுத்த வரியில் அவர் குரல் கொஞ்சம் தயங்கியது. கணவர் வேலையின்றி இருக்க, குடும்பத்தை ஒற்றை ஆளாகத் தாங்குகிறார் என்று எழுதியிருந்தது. அவர் அந்த வரியை விட்டுவிட்டுப் போகவில்லை. ஒரு வார்த்தை விடாமல் படித்தார். கடைசி வரை படித்து முடித்துவிட்டுப் பேப்பரை ஒழுங்காக மடித்தார்.

"போட்டோ நல்லா வந்துகீது" என்றார்.

வேன் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பிள்ளைகளைக் கூட்டிவர இன்னும் நெடுநேரம் இருந்தது.

அத்தைதான் முதலில் பேசினார். "நல்ல வேள, அவன் சமைக்கிற கதையெல்லாம் எய்தாம வுட்டாங்க. மானம் போயிருக்கும்."

"வேலை இல்லாதவங்கன்னு எழுதினா மட்டும் மானம் போகாதா, அத்தை?"

அத்தை முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். தெரு முனை வரை போனவர் திரும்பி ஒருமுறை வீட்டைப் பார்த்துவிட்டுப் போனது எனக்குத் தெரிந்தது.

கம்பெனியில் எனக்கு ஏகப்பட்ட வாழ்த்து. சூப்பர்வைசர் கைகொடுத்தார். நோட்டீஸ் போர்டில் அந்தப் பக்கத்தை ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொருவரும் என்னிடம் வந்து, "ஒத்த ஆளா எப்படித்தான் சமாளிக்கிறியோ" என்று இரக்கத்தோடு சொன்னார்கள். "ஒத்த ஆள் இல்ல" என்று ஒவ்வொருவருக்கும் விளக்கிச் சொன்னேன். புருஷனை விட்டுக்கொடுக்காத நல்ல பெண் என்பது போல் அதற்கும் பாராட்டினார்கள். நான் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. அச்சில் வந்ததை நான் வாயால் எப்படி அழிப்பது?

அவர் பக்கத்தில் என்ன நடந்தது என்பது துண்டு துண்டாகத்தான் எனக்குத் தெரிந்தது. ஒருநாள் ஒரு குழந்தையின் அம்மா, தன் பிள்ளையை அவருடைய வேனில் தூக்கி ஏற்றிவிட்டுக்கொண்டே, "அண்ணா, நீங்க வேலைக்குப் போறதில்லையாமே, பேப்பர்ல பாத்தோம்" என்று கேட்டிருக்கிறார். அதைச் சிரித்துக்கொண்டே வந்து என்னிடம் சொன்னார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமாம்மா, பொயுது போவல, அதான் உங்க புள்ளைய இட்டுக்கினு போறேன்னு சொன்னேன்."

நானும் சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு அவரிடம் ஒரு மாற்றம். என்னைக் கம்பெனி பஸ் ஏற்றிவிட வந்தால், பஸ் வரும்வரை கூட நிற்பவர், என் கூட வேலை பார்ப்பவர்களோடு வாயாடுபவர், இப்போது இறக்கிவிட்டதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். சமையல் வழக்கம் போல நடந்தது. குழம்பில் உப்பும் காரமும் சரியாகவே இருந்தன. பாட்டு மட்டும் இல்லை. அவர் கரண்டியும் கையுமாக இருக்கும்போது ஏதாவது ஒரு பழைய பாட்டின் நாலு வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறவர்.

ஒரு மத்தியானம் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். வைத்ததும் கேட்டேன்.

"பிள்ளைப்பாக்கம் சைடுல ஒரு கம்பெனியில செக்யூரிட்டி வேல கீதாம். காண்ட்ராக்டர் தெரிஞ்சவன்தான்."

"அப்ப வேன்?"

"வேன்லாம் ஒரு வேலையா?"

அதைச் சொல்லிவிட்டு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பூண்டு உரிக்க உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து உரித்தேன். என்னென்னவோ சொல்லத் தோன்றியது. எதைச் சொன்னாலும் ஆறுதல் சொல்வது போல ஆகிவிடும், அது அவரை இன்னும் சின்னதாக்கிவிடும் என்று பயந்தேன். வேலையிலேயே பிறந்து வேலையிலேயே வளர்ந்த மனிதர். வெள்ளம் வந்து ரோடு முழுகிய அன்றுகூட ஒவ்வொரு பிள்ளையையும் தோளில் தூக்கிக்கொண்டு போய் அந்தந்த வீட்டு வாசலில் விட்டுவிட்டு வந்தவர். அவரை ஒரு வரி இப்படி ஆக்கிவிட்டது.

மறுநாள் டீ பிரேக்கில் அந்தப் பெண்ணுக்குப் போன் பண்ணினேன். சண்டை போடத்தான் பண்ணினேன். "ஏம்மா, எங்க வீட்டுல மோர் குடிச்சிட்டுப் போயி இப்படி எழுதலாமா?" என்று தொடங்கியதுமே அவள் குரல் உடைந்துவிட்டது.

"நான் அப்படி எழுதலக்கா. அண்ணா வேன் ஓட்டுறது, குழம்பு வைக்கிறது, ஜன்னல்லருந்து கடுகு டப்பா சொன்னதுகூட எழுதியிருந்தேன். டெஸ்க்ல மாத்திட்டாங்க."

டெஸ்க் என்றால் என்ன என்று கேட்டேன். நிருபர்கள் அனுப்புவதைத் திருத்திப் பக்கத்தில் ஏற்றுகிறவர்கள் என்றாள்.

"புருஷன் சமைக்கிறார்னு போட்டா காமெடியா இருக்கும்னு சொன்னாங்கக்கா. பொம்பளைங்க கதைன்னா கஷ்டம் இருந்தாத்தான் படிப்பாங்களாம். அதனால அண்ணாவுக்கு வேலையே இல்லைன்னு ஆக்கிட்டாங்க. திருத்தம் போடச் சொல்லிக் கேட்டேன். இதுக்கெல்லாம் யாரும்மா திருத்தம் போடுவான்னுட்டாங்க."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"அண்ணா ஏதாச்சும் சொன்னாங்களாக்கா?"

"ஒண்ணுமே சொல்லல. அதுதான் எனக்குத் தாங்கல" என்றேன். சண்டை போட எடுத்த போனில் கடைசியில் நான்தான் அவளைச் சமாதானப்படுத்தி வைத்தேன்.

கிருத்திகையன்று வல்லக்கோட்டை முருகன் கோயிலில் கூட்டம் தாங்காது. அந்த மாதக் கிருத்திகைக் கூட்டத்தைப் பற்றிச் செய்தி எழுத அவளை அனுப்பியிருக்கிறார்கள். வேலையை முடித்துவிட்டு, நெற்றியில் விபூதியோடு நேராக எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். எனக்கு அன்று விடுமுறை. அத்தைக்குக் கிருத்திகை விரதம், அதனால் வெங்காயம் போடாத சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. செருப்புச் சத்தம் கேட்டு அத்தை வழக்கம் போல அடுப்படிக்கு ஓடினார். அதற்குள் அந்தப் பெண் உள்ளேயே வந்துவிட்டாள். கரண்டியோடு நின்ற அவருக்கு முன்னால் நின்று, "அண்ணா, மன்னிச்சிடுங்கண்ணா" என்றாள்.

அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் முந்தின நாளே அவரிடம் டெஸ்க் கதையைச் சொல்லியிருந்தேன்.

"அட, நீ இன்னாமா பண்ணுவ? நீ எய்தினத எவனோ மாத்துனா அதுக்கு நீயா பொறுப்பு? உக்காரு. வெயில்ல வந்துகிற. மொதல்ல சாப்டு."

அவள் உட்காரவில்லை. "இன்னொரு கட்டுரை எழுதுறேண்ணா. உங்களைப் பத்தி மட்டும். இதே மாதிரி அடுப்பு முன்னாடி உங்கள ஒரு போட்டோ எடுத்துக்கிறேன். இந்தத் தடவ நேரா ஆசிரியர்கிட்டயே குடுக்கிறேன்" என்று போனை எடுத்தாள்.

அவர் கரண்டியை ஆட்டி மறுத்தார். "வேணாம்மா. அது வந்தா இன்னானு வரும் தெரியுமா? பொண்டாட்டிக்கு சோறாக்குற அதிசய மனுசன்னு வரும். இதுல இன்னா அதிசயம் கீது? பசிக்கும், ஆக்குறோம். எங்கம்மா காலம்பூரா ஆக்கினாங்க, களை புடுங்கிட்டு வந்து ஆக்கினாங்க. யார்னா வந்து ஒரு போட்டோ எடுத்தாங்களா? அவங்கள எடுக்காத போட்டோ எனக்கு எதுக்கு?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. சாம்பாரைக் கிளறிக்கொண்டே, பிள்ளைகளிடம் பேசுகிற மாதிரி சொன்னார். அத்தை அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மகன் வாயால் அப்படி ஒரு பேச்சை அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. கரண்டியைப் பிடுங்குவதற்காக நீட்டிய கை அப்படியே இருந்தது. அந்தக் கையால் மகனின் முதுகை ஒருமுறை தடவினார்.

"எடுக்கலன்னா போவுது, போ. நான் இன்னா அழவா செஞ்சேன்?" என்றார். பிறகு, வந்த விருந்தாளியின் முன்னாலேயே, "அந்த அப்பளத்தையும் நீயே பொரிச்சிட்றா. நான் பொரிச்சா கருகிப் பூடுது" என்று சொல்லிவிட்டு, அவளுக்கு இலை போட உட்கார்ந்தார்.

சாப்பிடும்போது அந்தப் பெண் தன் கதையைச் சொன்னாள். கோயில் கூட்டம், கோலப்போட்டி, பண்டிகைச் சமையல், பெண்கள் தினம், இவைதான் அவளுக்குக் கொடுக்கிற வேலை. ரோடு, கம்பெனி, நிலம் என்று வந்தால் பக்கத்து நாற்காலிக்காரருக்குப் போய்விடும். அவளுக்கு ஆசை அதில்தான்.

"இந்த ஏரியாவுல எனக்குத் தெரிஞ்சவங்கன்னு யாரும் இல்லையேன்னு ஆபீஸ்ல சொல்றாங்கண்ணா."

"நாங்க இல்லியா?" என்றார் அவர். "நான் ஒண்ணு சொல்றேன், எய்துறியா? சர்வீஸ் ரோடு ஃபுல்லா லாரிய நிறுத்தி வெச்சிகிறான். காலைல புள்ளைங்கள ஏத்த எடம் இல்ல. மெயின் ரோட்லயே நிறுத்தி ஏத்துறோம். பின்னால ஒரு ட்ரெய்லர் வந்தா அவ்ளோதான். இத எய்து."

அவள் எழுதிக்கொள்ளத் தொடங்கினாள். அத்தை அவள் இலையில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார். வேண்டாம் என்று அவள் சொன்னதை அத்தை காதில் வாங்கவில்லை.

அதற்குப் பிறகு சில நாட்கள் கழித்து, அந்தக் காண்ட்ராக்டர் போன் பண்ணினார். நான் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். செக்யூரிட்டி வேலைக்கு எப்போது வருகிறாய் என்று கேட்டிருப்பார் போல. "இல்லபா, எனக்கு வேல கீது. வேன் ஓட்டிக்கினு கீறேன்" என்று இவர் சொல்வது கேட்டது. என் கை பின்னலை இறுக்கியபடியே நின்றுவிட்டது. "அம்மா, வலிக்குது" என்று மகள் கத்திய பிறகுதான் சுதாரித்தேன். அன்றைக்கு மத்தியானம் அடுப்படியிலிருந்து அந்தப் பாட்டின் நாலு வரி கேட்டது. வழக்கம் போல ராகம் எங்கெங்கோ போனது.

அந்தப் பெண் லாரி விஷயத்தை விடவில்லை. காலையில் அவருடைய வேனிலேயே ஏறி ஒரு சுற்று வந்து பார்த்திருக்கிறாள். என்னிடம் போனில் கேட்டது வேறு. பெரிய வண்டி ஓட்டுகிறவர்களுக்கு எந்தெந்தப் பக்கம் கண் மறைக்கும், ஒரு குழந்தை பின்னால் நின்றால் தெரியுமா என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கண்ணாடி இருந்தாலும் வண்டிக்குப் பின்னால் ஒட்டி நிற்கிற ஆள் தெரியமாட்டார், கிடங்கில் நாங்கள் ஹாரன் அடித்துவிட்டு, ஒரு ஆள் கை காட்டினால்தான் பின்னால் எடுப்போம், ரோட்டில் கை காட்ட யார் இருக்கிறார்கள் என்றேன். எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள் என்று அவள் கேட்கவில்லை. பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள், ஆனால் அது போனை வைக்கும்போது, செய்திக்காக இல்லாமல் கேட்டது.

செய்தி உள்பக்கத்தில், நல்ல பெரிதாகவே வந்தது. வரிசையாக நிற்கிற லாரிகளின் படம். எங்கள் யாருடைய முகமும் இல்லை. கீழே அவளுடைய பெயர் போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை. அத்தை வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நாங்கள் இருவரும் பாயில் உட்கார்ந்து பேப்பரைப் பகிர்ந்து படித்தோம். முதலில் அவர் சொன்னது வந்திருந்தது. பள்ளி வேன் ஓட்டுநர் என்று போட்டு, பெயர், அவர் சொன்ன வார்த்தைகள். கொஞ்சம் தள்ளி நான் சொன்னது. கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் என்று போட்டிருந்தது. தாய் என்று இல்லை, மனைவி என்று இல்லை, சுமை என்ற வார்த்தையும் இல்லை. நாங்கள் கணவன் மனைவி என்பதே அந்தச் செய்தியில் எங்கும் இல்லை. எங்கோ இரண்டு மூலையில் இருக்கிற இரண்டு பேர், ஒரே ரோட்டைப் பற்றித் தனித்தனியாகப் பேசுகிற மாதிரி இருந்தது.

அவர் என் பகுதியைச் சத்தமாகப் படித்தார். படித்துவிட்டு, "யாருனு தெர்ல, இந்தம்மா வெவரமா பேசிகீது" என்றார்.

நான் பேப்பரை என் பக்கம் இழுத்தேன். "இந்த வேன் டிரைவர் அண்ணாச்சியும் நல்லாத்தான் சொல்லுதாரு. எந்த ஊர்க்காரரோ."

"பாத்தா கட்டிக்கலாம் போல கீதா?"

"ஆளப் பாத்துட்டுதான் சொல்லணும்."

வாசலிலிருந்து அத்தை, "பேப்பரப் படிக்கிறீங்களா, கொஞ்சிக்கினு கீறீங்களா?" என்று குரல் கொடுத்தார். மகள் ஓடிவந்து எங்கள் நடுவில் விழுந்தாள். பேப்பர் கசங்கியது. அவர் அதைச் சரிசெய்யவில்லை.

செய்தி வந்த பிறகு போலீஸ் அந்த இடத்தில் தடுப்பு வைத்தார்கள். கொஞ்ச நாள் சர்வீஸ் ரோடு காலியாக இருந்தது. பிள்ளைகள் ஓரத்தில் நின்று நிம்மதியாக ஏறினார்கள். முன்பு கேலியாகக் கேட்ட அந்தக் குழந்தையின் அம்மா, "அண்ணா, நீங்க சொன்னதாலதான்" என்றாராம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பெண்கள் தினத்துக்கு வந்த அந்த வரிக்கு இன்றுவரை திருத்தம் வரவில்லை. கம்பெனி நோட்டீஸ் போர்டில் ஹெல்மெட்டும் கரண்டியுமாக நான் வெகுநாள் சிரித்துக்கொண்டிருந்தேன். வேறு ஏதோ நோட்டீஸ் வந்து என்னை மூடியது.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பு தடுப்புகளை யாரோ ஓரமாகத் தள்ளிவைத்தார்கள். முதலில் ஒரு லாரி வந்து நின்றது, பிறகு இன்னொன்று. ஒருநாள் காலை வேன் ஓட்டிவிட்டு வந்தவர், செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று போனை எடுத்தார். நான் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் அந்தப் பெண்ணின் குரல் கேட்டது.

"சொல்லுங்கண்ணா."

"திரும்ப வந்து நிறுத்திட்டான்மா. ரெண்டு பக்கமும் நிக்கிறான்."

"எந்த இடத்துலருந்துண்ணா?"

அவர் தடுமாறாமல், இந்தக் கம்பெனி வளைவிலிருந்து அந்த டீக்கடை வரை என்று இடம் இடமாகச் சொல்லிக்கொண்டு போனார். "இருங்கண்ணா, இருங்க, எழுதிக்கிறேன்" என்றாள் அவள்.